மீன்களின் ஜனத்தொகைக் கணக்கு

எண்ணி வைக்காத பொருள் களவு போனால் உடையவனுக்கே தெரியாது. வீட்டுக்கும் வயலுக்கும் பொருந்தும் இவ்வுண்மை காட்டுக்கும் ஆற்றுக்கும் பொருந்தும். நமது தேசத்தில் புலிகளை நான்கு வருஷங்களுக்கு ஒருமுறை எண்ணுகிறார்கள். யானைகளை எண்ணுகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளில் 1988-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட சரணாலயம் சாம்பல் நிற மலை அணிலின் பெயராலேயே வழங்குகிறது. அந்த அணிலின் கூடுகளையும் வனத்துறையார் மரம் மரமாகப் பார்த்து எண்ணி வந்திருக்கிறார்கள். இவையெல்லாம் போற்றத்தக்க காரியங்கள். ஆனால் அதே மலைகளின் நீருக்குள் வாழும் மீன்களின் கணக்கு என்ன என்று கேட்பாரில்லை. புலியின் கணக்கு வெளியாகும் நாளில் பத்திரிகைகள் அதை முதற் பக்கத்தில் போடுகின்றன. மீனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அது கர்ஜிப்பதில்லை, கண்ணில் படுவதுமில்லை. ஆகவே அது குறைந்தாலும் தெரிவதில்லை. அடியோடு அற்றுப்போனாலும் தெரியப் போவதில்லை.

மீன்கொடி ஏற்றி ஆண்ட பாண்டிய நாட்டில், பெருமாள் எடுத்த பத்து அவதாரங்களில் மச்சாவதாரத்தையே முதலாவதாக வைத்து எண்ணும் ஊரில், செண்பகத்தோப்புக்கு மேலே மீன்வெட்டிப்பாறை என்று ஓர் அருவிக்கே பெயர் வைத்திருக்கும் மலையடிவாரத்தில், இந்த அசட்டை இருப்பது வியப்புக்குரியது. அதைப் பற்றித்தான் இன்று நமது வாசகர்களிடம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

ராஜபாளையத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலைத்தொடர் ஒரு மதில்போல் நிற்கிறது. மதிலுக்கு இப்புறம் பெய்யும் மழை முடங்கியாறாகவும் வேறு பல ஓடைகளாகவும் இறங்கி வைப்பாற்றோடு சேர்ந்து கீழைக் கடலை நோக்கி ஓடுகிறது. அப்புறம் பெய்யும் மழையோ பெரியாற்றைச் சேர்ந்து மேலைக் கடலை நாடுகிறது. பெரியாறு பிறப்பது சிவகிரி மலைகளில். அங்கிருந்து நமது மலைகளின் முதுகுப்புறமாகவே வடக்கே சென்று, தேக்கடிக் காட்டிலுள்ள பெரிய ஏரியில் அது தங்குகிறது. 1886-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் திருவிதாங்கூர் சமஸ்தானமும் சென்னை சர்க்காரும் செய்துகொண்ட குத்தகை ஒப்பந்தத்தின் மேல், பென்னிகுக் என்ற பொறியாளர் 1895-இல் கட்டி முடித்த அணையினால் ஏற்பட்ட ஏரி அது. சுமார் 26 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்நீரைச் சுற்றிலும் இன்று பெரியாறு புலிகள் காப்பகம். அதன் கிழக்கு எல்லையை ஒட்டியதே நமது ஸ்ரீவில்லிபுத்தூர் மலை. 2021-ஆம் வருஷத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் ஏற்பட்ட பிறகு, இரு ராஜ்யங்களின் காடுகளும் ஒரே காவலின் இரு பகுதிகள் ஆகிவிட்டன.

அந்த ஏரியின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக வைகைக்கு வந்து மதுரையையும் ராமநாதபுரத்தையும் வாழ்விக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அணையில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று அன்றாடம் பத்திரிகையில் பார்க்கிறோம். 142 அடி வரை நீர் நிறுத்தலாம் என்று 2014-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தபோது தமிழ்நாடு எவ்வளவு மகிழ்ந்தது என்பதும் நினைவிருக்கும். நீரின் உயரத்தை அடிக்கணக்கில் அறிந்த நாம், அந்த நீருக்குள் வாழ்வன எவை என்பதை அறியோம்.

அங்கே வாழ்வதில் ஓர் அற்புதமான மீன் உண்டு. சென்னை ராஜதானியின் மீன்துறை டைரக்டராக இருந்த டாக்டர் பி. சுந்தரராஜ் என்ற அறிஞர், 1941-ஆம் வருஷத்தில் கல்கத்தா இந்திய மியூஸியத்தின் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் உலகம் அதுவரை அறியாத ஒரு மீனை விவரித்து, லெபிடோபைகாப்ஸிஸ் டைபஸ் என்று பெயரிட்டார். ஆங்கில நூல்கள் இதைத் 'தீபகற்ப மலை டிரௌட்' என்கின்றன. கெண்டை வகையைச் சேர்ந்தது. சுமார் ஒரு சாண் வளர்வது. உடம்பின் பெரும்பகுதியில் செதில்கள் தென்படுவதில்லை. ஆனால் குதத்தின் அருகே மட்டும் பெரிய செதில்கள் ஓடு வேய்ந்தாற்போல் வரிசையாக அமைந்திருக்கின்றன. அதன் சாஸ்திரப் பெயரே அந்த அமைப்பைக் குறிப்பதுதான்.

இவ்வடையாளம் காஷ்மீரத்திலும் இமயமலை ஆறுகளிலும் வாழும் பனிநீர் டிரௌட் என்னும் மீன்களுக்கு உரியது. ஆகையால் சுந்தரராஜ் இதை அந்தக் கூட்டத்தோடு சேர்த்தார். இமயத்தின் மீன் நடுவில் எங்கும் தங்காமல் தென்கோடி மலைக்கு எப்படி வந்தது என்ற கேள்வி வெகுகாலம் விஞ்ஞானிகளைத் திகைக்க வைத்தது. பிற்காலத்து மரபணு ஆராய்ச்சி, இது இமயத்து மீனின் தாயாதி அல்ல, நமது ஆறுகளின் மஹ்ஸீர் என்னும் பெருங்கெண்டைக் கூட்டத்துக்கே நெருங்கிய உறவு என்று காட்டியிருக்கிறது. ஆனால் ஒன்றில் மட்டும் அபிப்பிராய பேதம் இல்லை. பெரியாற்றின் மேற்பகுதியையும் அதில் விழும் ஓடைகளையும் தவிர, பூமண்டலத்தில் வேறெங்கும் இந்த மீன் இல்லை. இதன் சாதி முழுவதுமே உலகத்தில் இந்த ஒரே இனந்தான். இது போனால் ஒரு குலமே போயிற்று.

இதற்குத் துணையாகப் பெரியாற்றின் பெயரையே தாங்கிய வேறு சில மீன்களும் அங்கே உண்டு. சுந்தரராஜ் அதே வருஷத்தில் விவரித்த பெரியாற்றுக் கெண்டை ஒன்று. கல்லைப் பற்றிக்கொண்டு பாசியை மேயும் சிறு மீன்கள் இரண்டு. அவற்றுள் ஒன்றை 1996-இலும் மற்றொன்றை 2001-இலும்தான் உலகம் அறிந்தது. இவற்றில் மலை டிரௌட்டையும் பெரியாற்றுக் கெண்டையையும் அழியும் அபாயத்திலுள்ள இனங்களின் பட்டியலில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் சேர்த்திருக்கிறது. அணை கட்டி நூறு வருஷங்கள் ஆன பின்பும் புதிய மீன்கள் அகப்பட்டுக்கொண்டிருந்தன என்றால், பெயர் வைக்கப்படு முன்னரே மறைந்தவை எத்தனையோ, யார் கண்டார்கள்?

அபாயம் எங்கிருந்து வருகிறது? 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குச் சாதாக் கெண்டை என்னும் அயல் நாட்டு மீன் கொண்டுவரப்பட்டது. 1952-இல் அதே இலங்கை வழியாக ஆப்பிரிக்காவின் திலாப்பியா வந்து சேர்ந்தது. உணவுப் பஞ்சத்தைத் தீர்க்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடுதான் இவற்றைக் கொண்டுவந்தார்கள். குளத்துக்கென்று வந்தவை குளத்தோடு நிற்கவில்லை. இன்று பெரியாற்று ஏரியில் வலை வீசினால் இவ்விரண்டும் ஏராளமாக விழுகின்றன. சாதாக் கெண்டை சேற்றைக் கிளறி உண்பது. தெளிந்த நீரைக் கலக்கிவிடும். திலாப்பியா தன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காத்து, வருஷத்தில் பலமுறை குஞ்சு பொரிக்கும். மலை மீனோ பருவம் பார்த்து, நீரின் வேகம் பார்த்து முட்டையிடுவது. இரண்டுக்கும் உணவு ஒன்றாகும்போது யார் வெல்வார் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இவற்றுக்கும் மேலாக ஆப்பிரிக்கக் கெளுத்தி என்னும் கொடிய மீன், மத்திய சர்க்கார் தடை செய்த பின்பும் திருட்டுத்தனமாக வளர்க்கப்பட்டு, வெள்ளத்தில் தப்பிக் கேரளத்து நீர்நிலைகள் பலவற்றில் பரவிவிட்டது. அது காற்றையும் சுவாசிக்கும், எதிர்ப்பட்டதையெல்லாம் விழுங்கும்.

இவற்றை அயலவை என்பதற்காக நாம் வெறுக்கவில்லை. நிலக்கடலையும் மிளகாயும் அயலிலிருந்து வந்தவைதாம். அவற்றை நாம் தள்ளிவிடவில்லை. பாதுகாப்பற்ற ஒரு சிறு குடியைப் பலத்த குடி ஒன்று வந்து அழிக்கும்போது, அதைத் தடுப்பது நீதி என்பதே நம் கட்சி.

கணக்கெடுப்பினால் என்ன பயன் என்று கேட்பவர்கள் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஏரியின் கதையைக் கேட்க வேண்டும். கடல்மட்டத்துக்கு ஏழாயிரம் அடிக்கு மேலே, அடர்ந்த காட்டினிடையே உள்ள அந்த ஏரியில் அந்நாட்டுச் சுதேச டிரௌட் மீன் வாழ்கிறது. முட்டையிடும் பருவத்தில் அது ஏரியிலிருந்து ஓடைகளில் ஏறும். அவ்விதம் ஏறும் மீன்களைக் கிளியர் கிரீக் என்ற ஓடையில் தடுப்பு வைத்து எண்ணி வந்தார்கள். 1978-இல் அங்கே ஏறியவை 70,000-க்கு மேல். 1994-இல், எவரோ சட்டத்தை மீறிக் கொண்டுவந்து விட்ட ஏரி டிரௌட் என்னும் வேற்று மீன் அந்த ஏரியில் இருப்பது தெரிய வந்தது. 2007-இல் அதே ஓடையில் ஏறிய சுதேச மீன்கள் 538 மட்டுமே. ஏரி டிரௌட் ஆழத்திலேயே தங்கும், ஓடையில் ஏறாது. ஆகையால் ஓடைக் கரையில் மீன் பிடித்து உண்ட கரடிக்கும் கழுகுக்கும்கூட உணவு குறைந்தது.

ஆனால் எண் கையில் இருந்தபடியால் மறுப்பதற்கு யாருக்கும் வழியில்லை. அந்நாட்டார் வருஷந்தோறும் வலை போட்டு லட்சக்கணக்கில் ஏரி டிரௌட்டை அகற்றி வருகிறார்கள். சுதேச மீன் மெல்ல மெல்லத் தலையெடுத்து வருகிறது. எழுபதினாயிரம் என்ற பழைய எண் ஏட்டில் இல்லாதிருந்தால், ஐந்நூற்று முப்பத்தெட்டைக் கண்டு யாரும் பதறியிருக்க மாட்டார்கள். 'இந்த ஓடையில் மீன் எப்போதும் இவ்வளவுதான்' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

நமது நிலைமையின் ஆபத்து இதுதான். பெரியாற்று மீன்களைப் பற்றிக் கேரள வன ஆராய்ச்சி நிலையத்தாரும் பல்கலைக்கழகத்தாரும் அவ்வப்போது ஆராய்ந்து நல்ல நூல்கள் வெளியிட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நம் வந்தனம். ஆனால் ஆராய்ச்சி என்பது ஒரு நாள் எடுத்த புகைப்படம் போன்றது. நோயாளியின் நாடியை ஒருநாள் பார்த்தால் போதுமா? நாள்தோறும் பார்த்து எழுதி வைத்தாலல்லவோ நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரியும்?

நீருக்குள் இருப்பதை எப்படி எண்ணுவது என்று சிலர் நகைக்கலாம். அது கடினமான வித்தையன்று. ஒரு மடுவில் வலையிட்டு 100 மீன்களை உயிரோடு பிடித்து, ஒவ்வொன்றின் துடுப்பிலும் ஓர் ஓரத்தைச் சிறிது கத்தரித்துவிட்டுத் திரும்ப நீரில் விடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வெட்டிய ஓரம் பின்னர் வளர்ந்துவிடும். சில நாட்கள் கழித்து மறுபடி 100 மீன்களைப் பிடித்தால், அவற்றில் 20 மீன்களிடம் அடையாளம் இருக்கிறது. அப்படியானால் நாம் அடையாளமிட்ட 100 மீன்கள் அந்த மடுவின் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மொத்தம் சுமார் 500. இதுவே அந்தக் கணக்கின் சாரம்.

இதைவிட எளியது, ஒரே கண்ணளவுள்ள வலையை ஒரே இடத்தில், ஒரே மாதத்தில், ஒரே நேர அளவுக்குப் போட்டு, எந்த மீன் எத்தனை, என்ன நீளம், என்ன எடை என்று வருஷந்தோறும் எழுதி வருவது. பெரிய மீன்கள் மட்டும் அகப்பட்டுக் குஞ்சுகள் அகப்படாமற் போனால், அந்த இனம் பெருகவில்லை என்று அறியலாம். இப்போது இன்னொரு முறையும் வந்திருக்கிறது. ஒரு குடம் நீரை வடிகட்டி, மீன்கள் அதில் உதிர்த்த நுண்ணிய உடற்கூறுகளின் மரபணுவைப் பரிசோதித்தால், வலையே போடாமல் அங்கே எந்தெந்த இனங்கள் வாழ்கின்றன என்று சொல்லிவிடலாம். ஆட்கள் எளிதில் புக முடியாத உள்காட்டு ஓடைகளுக்கு இது மிகவும் உகந்தது.

இந்த வேலைக்கு ஆட்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. பெரியாற்று ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை மன்னான், பளியர் என்னும் ஆதிகுடிகளுக்கு உண்டு. நமது மலைகளிலும் பளியர்கள் வாழ்கிறார்கள். எந்த மடுவில் கோடையிலும் நீர் நிற்கும், எந்த மழைக்கு எந்த மீன் ஏறும் என்பது அவர்களுக்குப் பரம்பரையாகத் தெரிந்த கல்வி. அவர்களைக் கூலிக்காரர்களாக அன்றி, கணக்கு எழுதும் உத்தியோகஸ்தர்களாகவே அமர்த்தி, தக்க சம்பளமும் கொடுக்க வேண்டும். அன்றாடம் அவர்கள் வலையில் விழுவதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதிந்தாலே, சில வருஷங்களில் அது விலை மதிக்கவொண்ணாத சரித்திரமாகிவிடும்.

மலைக்கு அப்புறத்தை மட்டும் சொல்லி, இப்புறத்தை மறப்பது நியாயமன்று. ராஜபாளையத்துக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கு நீர் வரும் முடங்கியாற்றிலும், செண்பகத்தோப்பு ஓடைகளிலும், வத்திராயிருப்புக்கு மேற்கேயுள்ள பிளவக்கல் அணைகளுக்கு மேலும், கோடையில் ஓட்டம் நின்று மீன்களெல்லாம் சில மடுக்களில் ஒடுங்குகின்றன. அந்தச் சமயத்தில் ஒரு பாதகன் மடுவில் வெடி போட்டாலும், பிளீச்சிங் பவுடரைக் கலந்தாலும், குஞ்சும் தாயும் ஒருசேர மடிந்து, அவ்வோடையின் வம்சமே அறுந்துபோகும். வெடியும் விஷமும் கொண்டு மீன் பிடிப்பதை 1897-ஆம் வருஷத்து மீன்பிடிச் சட்டமே குற்றமென்று சொல்லிவிட்டது. சட்டம் பிறந்து நூற்றிருபத்தைந்து வருஷங்களுக்கு மேலாயிற்று. அதை ஞாபகப்படுத்த வேண்டிய அவசியம் இன்னும் தீரவில்லை. ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறும் பக்தர்களும், ஓடையில் சோப்பும் எண்ணெயும் கரைப்பது புண்ணியத்தில் சேராது என்பதை உணர வேண்டும்.

'குடிக்க நீரில்லாமல் ஜனங்கள் தவிக்கும்போது மீனுக்குக் கணக்கா?' என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். ஜனங்களிடம் அன்பு கொண்டு கேட்கும் கேள்வியாகையால் இதற்கு மரியாதையோடு விடை சொல்வோம். மலை மீன் தெளிந்த, குளிர்ந்த, ஓடுகின்ற நீரில்தான் வாழும். அது மடிந்தால் நீர் கெட்டது, அல்லது ஓட்டம் நின்றது, அல்லது மேலே காடு அழிந்தது என்று பொருள். நாம் குடிக்கும் நீர் கெடுவதை நமக்கு முன்னே அறிந்து சொல்லும் காவற்காரன் அது, சம்பளமும் கேட்பதில்லை. இன்னொரு சாரார், ஏரியின் அயல் மீன்களால் ஏழை மீனவர் பிழைக்கிறார்களே என்பார்கள். பிழைக்கட்டும். அவற்றை எவ்வளவு பிடிக்கிறார்களோ அவ்வளவுக்குச் சுதேச மீனுக்கும் நன்மையே. சுதேச மீன் வலையில் விழுந்தால் உயிரோடு திரும்ப விட வேண்டும். அதனால் வரும் நஷ்டத்தை சர்க்கார் ஈடுசெய்ய வேண்டும். இதில் ஏழைக்கும் மீனுக்கும் விரோதமில்லை.

அணை விஷயமாகத் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் வெகுகாலமாக வழக்கு உண்டு. அதன் நியாயங்களுக்குள் இங்கே நாம் புகவில்லை. ஆனால் மீனுக்கு எல்லைக்கல் தெரியாது. 2024-ஆம் வருஷம் மே மாதத்தில் தென்னாட்டு ராஜ்யங்கள் ஒன்றுகூடி ஒரே நாட்களில் யானைகளை எண்ணின. 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து மலைமுகடுகளில் வரையாடுகளை எண்ணின. முகட்டில் நிற்கும் ஆட்டை இருவரும் சேர்ந்து எண்ண முடியுமானால், அடிவாரத்து நீரில் நீந்தும் மீனைச் சேர்ந்து எண்ண முடியாதா? நீரைப் பற்றி வழக்காடும் இரு சகோதரர்கள், அந்த நீரின் உயிர்களை எண்ணுவதற்காவது ஒரு நாள் ஒன்றாக உட்காரட்டும்.

நாம் கேட்பது அதிகமன்று. ஏரியிலும், அதில் விழும் ஓடைகளிலும், நமது புறத்து மடுக்களிலும் நிரந்தரமான இடங்களைக் குறித்து, வருஷம் ஒருமுறை இரு ராஜ்யங்களும் கூட்டாகக் கணக்கெடுக்க வேண்டும். அந்தக் கணக்கு ஆபீஸ் அலமாரியில் உறங்காமல், தமிழிலும் மலையாளத்திலும் அச்சாகிப் பஞ்சாயத்துகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் போய்ச் சேர வேண்டும். மலையடிவாரக் கண்மாய்களிலும் நீர்த்தேக்கங்களிலும் புதிய மீன் குஞ்சு எதை விடுவதானாலும், அது மலை ஓடைக்குள் ஏறுமா என்று முதலில் விசாரிக்க வேண்டும். இம்மூன்றும் நடந்தால் போதும்.

சர்க்கார் செய்யட்டும் என்று சும்மா இருப்பது நம்மவர்க்கு அழகன்று. ராஜபாளையத்தார் இதை எளிதில் உணர்வார்கள். அவர்கள் ஊர் நாய் இனம் அருகிப் போகும் நிலைக்கு வந்ததும், பிறகு அதன் அருமை உணரப்பட்டு 2005-இல் இந்தியத் தபால் முத்திரையிலேயே இடம் பெற்றதும் அவர்கள் அறிந்த சரித்திரம். வீட்டு வாயிலில் நின்ற பிராணியாகையால் அது குறைவதைக் கண்ணால் கண்டார்கள். பரிந்து பேச மனிதர்களும் கிடைத்தார்கள். மலை மீனுக்கு வாயில் இல்லை, குரைப்பும் இல்லை. அதற்காகப் பேச வேண்டியவர்கள் நாமே. ஊர்தோறும் வாலிபர் சங்கங்கள் இருக்கின்றன. கல்லூரிகளில் உயிர்நூல் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். வனத்துறையின் அனுமதி பெற்று, பளியர்களைக் குருவாகக் கொண்டு, ஆளுக்கொரு மடுவை அவர்கள் பொறுப்பேற்கட்டும்.

சுயராஜ்யம் என்பது நம் நாட்டை நாம் ஆள்வது. ஆளுகிறவனுக்கு முதல் கடமை, தன் ஆட்சியில் யார் யார் வாழ்கிறார்கள் என்று அறிந்திருப்பது. வோட்டு இல்லாத பிரஜைகளும் அந்தக் கணக்கில் சேர்ந்தவர்களே. தேசம் அடிமைப்பட்டிருந்த 1941-இல், சுந்தரராஜ் என்ற ஓர் இந்தியர் பெரியாற்று நீரில் ஒரு புதிய உயிரைக் கண்டு உலகுக்குச் சொன்னார். சுதந்திர இந்தியா அதை எண்ணாமலே இழந்துவிட்டது என்ற பழிச்சொல் நமக்கு வேண்டாம். அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே முதற் கணக்கு தொடங்கட்டும்.